அவதாரத்துக்கு மலர் தூவுவோர் கவனத்துக்கு

சட்டத்துக்கும் நீதிமன்றத்துக்கும் எட்டாத குற்றவாளியை ஒரே அடியில் வீழ்த்தும் வல்லமை படைத்த ஒருவன் நாளை நம் நடுவே தோன்றினால் மக்கள் என்ன செய்வார்கள்? அஞ்சி ஒடுங்குவார்களா, எதிர்த்து நிற்பார்களா? திரைப்படத் தொழில் இக்கேள்வியை நெடுங்காலமாகக் காசாக்கி வருகிறது. 2005-இல் வந்த ‘அந்நியன்’ கருட புராணத்துத் தண்டனைகளையே கையில் எடுத்தான். அரங்கம் அதிரக் கைதட்டினோம். ஆனால் விடை காணக் கற்பனை தேவையில்லை. பீகாரின் பாகல்பூர் அதை எப்போதோ சொல்லிவிட்டது.

1979-80-இல் அங்கே காவல்துறையினர் முப்பதுக்கும் மேற்பட்டவர்களின் கண்களைக் குத்தி, அமிலம் ஊற்றிப் பார்வையைப் பறித்தனர். பெரும்பாலோர் விசாரணைக் கைதிகள், குற்றம் நிரூபிக்கப்படாதவர்கள். அந்த அமிலத்துக்கு வழங்கிய பெயர் ‘கங்கா ஜலம்’. 1980 நவம்பரில் பத்திரிகைகள் இதை அம்பலப்படுத்தி, காவலர்கள் சிலர் இடைநீக்கம் செய்யப்பட்டதும் மக்கள் வீதிக்கு வந்தனர். கண்ணிழந்தவர்களுக்காக அல்ல, காவலர்களுக்காக!

இதைக் கண்டு மக்களைப் பழிப்பது மேட்டுக்குடியினரின் பொழுதுபோக்கு. நமக்கு அது ஆகாது. கொள்ளைக்கும் அடியாட்களுக்கும் அஞ்சி வாழ்பவன், வழக்கு முடியப் பாதி ஆயுள் கழியும் நாட்டில், உடனடித் தண்டனைக்கு ஏங்குவான். 2022-ஆம் ஆண்டுக் கணக்கின்படி நம் சிறைகளில் இருப்போரில் நான்கில் மூவர் விசாரணைக் கைதிகளே. அந்த ஏக்கம் மெய்யானது. ஆயினும் ஏக்கம் மெய் என்பதால் அவதாரமும் மெய்யாகிவிடாது.

அவதார புருஷனின் வல்லமை வானிலிருந்து வருவதில்லை. அது அரசு இரவல் தந்த துப்பாக்கி. ஆகவே அரசு யாருக்கு அஞ்சுகிறதோ அவர்கள்மீது அது ஒருபோதும் திரும்பாது. பாகல்பூரில் கண்ணிழந்தவர்கள் யார்? வழக்கறிஞர் வைக்கவும் வசதியற்றவர்கள். அவர்கள் கேட்கவில்லை என்பதால் சட்ட உதவி அளிக்கப்படவில்லை. வேண்டுமா என்று கேட்கும் பொறுப்பை மாஜிஸ்திரேட்டுகளும் உணரவில்லை. காத்ரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சுட்டிக்காட்டிய நிலை இது.

பிறகு நடந்ததையும் மறக்கலாகாது. 1989 அக்டோபரில் அதே பாகல்பூர் மாவட்டம் மதவெறியில் எரிந்தது. லோகாயின் கிராமத்தில் 116 முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர். புதைத்த இடத்தின்மேல் காலிஃபிளவர் நடப்பட்டது. 2007-இல் இவ்வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றவர்களில் ஒரு காவல் அதிகாரியும் உண்டு. விசாரணையின்றித் தண்டிக்கும் உரிமையை ஒருமுறை சீருடைக்கு வாழ்த்தி வழங்கியவர்கள், அது அடுத்து யார் வாசலில் நிற்கும் என்று கேட்க மறந்தார்கள். உத்தரப் பிரதேசத்தில் அவதாரம் புல்டோசர் ஏறி வந்தது. குற்றம் சாட்டப்பட்டவர் என்பதற்காக ஒருவர் வீட்டை நிர்வாகம் இடிக்க முடியாதென்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கூறுவதற்குள் எத்தனையோ குடும்பங்கள் தெருவுக்கு வந்திருந்தன.

பழங்கதை என்று இதை ஒதுக்க எண்ணும் தோழர்களுக்கு ஹைதராபாத்தை நினைவூட்டுகிறோம். 2019 நவம்பரில் ஓர் இளம் கால்நடை மருத்துவர் வன்புணர்வு செய்யப்பட்டு எரிக்கப்பட்டார். நாடே கொதித்தது, கொதித்தது நியாயம். டிசம்பர் 6 அதிகாலையில் குற்றம் சாட்டப்பட்ட நால்வரும் காவல்துறையால் சுட்டுக் கொல்லப்பட்டனர். காவலர்கள்மீது மலர் தூவப்பட்டது, இனிப்பு வழங்கப்பட்டது. நம் வரிசையிலும் சிலர் ‘பெண்ணுக்கு நீதி கிடைத்தது’ என்று மகிழ்ந்ததை மறைப்பானேன்? உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம் அளித்த அறிக்கை 2022-இல் வெளியானது. கொல்லும் நோக்குடனேயே சுட்டார்கள் என்றும், நால்வரில் மூவர் சிறார் என்றும் கூறிய அந்த அறிக்கை, பத்துக் காவலர்கள்மீது கொலை வழக்கு நடத்தப் பரிந்துரைத்தது.

மலர் தூவியவர்களில் எத்தனை பேர் அந்த அறிக்கையைப் படித்தார்கள்? பெண்களின் புகாரை உடனே பதிய வேண்டும், புலனாய்வை விரைவுபடுத்த வேண்டும், சாட்சிகளைக் காக்க வேண்டும், நீதிபதி இடங்களை நிரப்ப வேண்டும் என்ற கோரிக்கைகளோடு அன்று வீதிக்கு வந்திருக்க வேண்டியவர்கள் நாம். துப்பாக்கி நம்மை முந்திக்கொண்டது. அந்த மருத்துவரைக் கொன்றவர்கள் இந்த நால்வர்தாமா என்பதை இனி எந்த நீதிமன்றமும் விசாரித்துத் தீர்ப்பளிக்கப் போவதில்லை.