பனகல் பார்க்கை முழுசாகத் திருப்பிக் கொடுங்கள்!

தியாகராய நகருக்குத் துணி எடுக்கப் போகாத குடும்பம் சென்னையில் உண்டா? தீபாவளி என்றாலும் தி.நகர். கல்யாணம் என்றாலும் தி.நகர். போனவர்கள் அத்தனை பேரும் பனகல் பார்க்கைச் சுற்றித்தான் போயிருப்பார்கள். ஆனால் அதன் உள்ளே போய் உட்கார்ந்தவர்கள் எத்தனை பேர்?

"பார்க்கா? அங்கே என்ன சார் இருக்கு?" என்று கேட்கிறார்கள். என்ன இருக்கிறது என்று சொல்கிறேன். கொஞ்சம் காது கொடுங்கள்.

ஏரி இருந்த ஊர்

இப்போது தங்கமும் பட்டும் குவிந்து கிடக்கும் இந்தப் பேட்டை, நூறு வருஷத்துக்கு முன்னால் பட்டணத்துக்கு வெளியே கிடந்த மாம்பலம் கிராமம். பக்கத்திலே நீளமாக ஒரு ஏரி. 'லாங் டேங்க்' என்று வெள்ளைக்காரன் அதற்குப் பெயர் வைத்திருந்தான். அவ்வளவு நீளம்!

பட்டணத்தில் வீடு கிடைக்காமல் ஜனங்கள் திண்டாடினார்கள். 1920-ல் நகர அமைப்புச் சட்டம் வந்தது. 1923 வாக்கில் ஏரித் தண்ணீரை வடித்து, மண்ணைக் கொட்டி மேடாக்கி, மனை பிரித்தார்கள். மாம்பலம் கிராமம் தியாகராய நகர் ஆயிற்று.

ஏரி போயிற்று. பெயர் மட்டும் போகவில்லை. நுங்கம்பாக்கத்தில் 'லேக் ஏரியா' இருக்கிறது. மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' இருக்கிறது. லேக் எங்கே என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ஏரியைப் பார்க்க வேண்டுமானால் நல்ல மழை பெய்ய வேண்டும்! 2015 டிசம்பரிலும், 2021 நவம்பரிலும் தி.நகர் வீதிகளில் முழங்கால் தண்ணீரில் நடந்தவர்கள் அந்த ஏரியைக் கண்ணாரப் பார்த்தவர்கள்தான்.

பெயரிலே சரித்திரம்

அன்று ஊரை அமைத்தவர்களுக்கு ஒரு புத்தி இருந்தது. ஏரியை அழித்தது சரியா தப்பா என்பது வேறு கதை. ஆனால் மனைகளுக்கு நடுவே ஜனங்கள் மூச்சு விட ஒரு இடம் வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பார்க்கை நடுவிலே வைத்தார்கள். வண்டிச் சக்கரத்தில் ஆரக்கால் மாதிரி ரோடுகளை அதிலிருந்து பிரித்து விட்டார்கள். உஸ்மான் ரோடு, தியாகராயர் ரோடு, வெங்கட நாராயணா ரோடு, ஜி.என். செட்டி ரோடு எல்லாம் வந்து முட்டுவது இங்கேதான். பார்க்குக்காக ஊர் அமைந்தது. ஊருக்குள்ளே பார்க்கைத் திணிக்கவில்லை.

பெயர்களைப் பாருங்கள். ஊருக்கு, நீதிக்கட்சித் தலைவர் சர் பிட்டி தியாகராயர் பெயர். இன்னொரு பார்க்குக்கு டாக்டர் நடேசன் பெயர். உஸ்மான் ரோடு என்றால் சர் முகமது உஸ்மான். 1934-ல் சென்னை மாகாணத்துக்குத் தற்காலிக கவர்னராக இருந்தவர். பாண்டி பஜாரில் உள்ள 'பாண்டி' பாண்டிச்சேரி அல்ல, சவுந்தரபாண்டியனார்!

நடுநாயகமான பார்க்குக்குப் பனகல் அரசர் பெயர். ராமராயநிங்கார் என்பது அவர் இயற்பெயர். 1921 முதல் 1926 வரை சென்னை மாகாணத்தின் முதல் மந்திரி. அரசாங்க உத்தியோகம் எல்லா வகுப்பாருக்கும் பங்கு வைத்துத் தரப்பட வேண்டும் என்ற உத்தரவு பிறந்தது அவர் ஆட்சியில். கோயில் சொத்துக்குக் கணக்குக் கேட்கும் சட்டம் வந்ததும் அவர் ஆட்சியில். பார்க்கில் அவருக்குச் சிலையும் வைத்தார்கள். சைதாப்பேட்டையில் பனகல் மாளிகை இருக்கிறது. ஆனால் 'பனகல்' என்று கண்டக்டர் கூவினால், ஜனங்கள் இறங்குவது இங்கேதான்.

உட்கார ஒரு இடம்

சரித்திரத்தை விடுங்கள். அந்தப் பார்க் யாருக்கு உபயோகம்?

காலையில் நடக்க வரும் பெரியவர்களுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். மத்தியானம் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மூட்டை இறக்கிய களைப்பில் துண்டை விரித்துப் படுத்தவர்கள். சினிமா சான்ஸ் தேடி ஊரிலிருந்து வந்து, கோடம்பாக்கம் வரை நடந்து கால் ஓய்ந்த பையன்கள். பை நிறையத் துணியும் மடி நிறையக் குழந்தையுமாக, 'அப்பாடா' என்று உட்கார்ந்த அம்மாமார்கள்.

அவர்களைவிட முக்கியமானவர்கள் கடைச் சிப்பந்திகள். 'வாங்கம்மா, உட்காருங்கம்மா' என்று நம்மை வரவேற்கிற அந்தப் பெண், காலையிலிருந்து ராத்திரி வரை உட்கார முடியாது. கடை ஊழியர் உட்கார நாற்காலி போட வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத்தைத் திருத்தியதே 2021-ல்தான்! அதுவரை பத்து நிமிஷம் ஓசியில் உட்கார அவர்களுக்கு இருந்த இடம் எது? பார்க் பெஞ்சுதான்.

தி.நகரில் காபி குடித்தால்தான் உட்காரலாம். சாப்பிட்டால்தான் உட்காரலாம். துணி வாங்கினால்தான் உட்காரலாம். பைசா கொடுக்காமல் உட்கார இருந்த இடம் பார்க் ஒன்றுதான்.

மயில் வந்தது

பிறகு மெட்ரோ ரயில் வந்தது. கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லிக்கு 26 கிலோ மீட்டர் பாதை. அதில் பனகல் பார்க்கில் ஒரு சுரங்க ஸ்டேஷன். தகர வேலி அடைத்தார்கள். பார்க்கின் ஒரு பகுதி வேலிக்குள்ளே போயிற்று. பள்ளம் தோண்டினார்கள். 2023-ல் இங்கிருந்து பூமியைக் குடைந்துகொண்டு கோடம்பாக்கம் புறப்பட்ட ராட்சத இயந்திரத்துக்கு 'மயில்' என்று பெயர். மயில் வந்தது. மரத்திலிருந்த குயில் பாடு என்ன ஆயிற்று என்று யார் கேட்டார்கள்?

நான் மெட்ரோவுக்கு விரோதி அல்ல. பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருகிற குமாஸ்தாவுக்கும், கடைப் பெண்ணுக்கும் ரயில் வந்தால் எனக்கும் சந்தோஷம்தான். வேலை நடக்கும்போது வேலி போடத்தான் வேண்டும். இடைஞ்சலைப் பொறுக்கத்தான் வேண்டும். என் கேள்வி ஒன்றே ஒன்று. இரவல் வாங்கிய இடத்தை எப்படித் திருப்பித் தரப் போகிறீர்கள்?

அனுபவம் இல்லாமல் கேட்கவில்லை. செனாய் நகர் திரு.வி.க. பூங்காவை முதல் மெட்ரோவுக்காக 2011-ல் மூடினார்கள். திறந்தது 2023-ல்! அன்று ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த குழந்தை, பள்ளிப் படிப்பையே முடித்துவிட்டது. அந்தக் குழந்தைக்கு ஊஞ்சலை யார் திருப்பிக் கொடுப்பது? நிழல் கொடுத்த பழைய மரங்களை யார் திருப்பிக் கொடுப்பது? செடி நட்டாயிற்று என்கிறார்கள். செடி மரமாவதற்குள் நமக்கு வயதாகி விடுமே ஐயா!

கேட்பது இவ்வளவுதான்

ஒன்று: எடுத்த நிலம் அவ்வளவும் பார்க்காகவே திரும்ப வேண்டும். ஸ்டேஷன் வாசலுக்கு வேண்டியது போக, ஒரு சதுர அடிகூட கடைக்கோ, கார் நிறுத்தவோ போகக் கூடாது. கடைக்குத் தி.நகரில் பஞ்சமா?

இரண்டு: ஸ்டேஷன் கூரைமேல் நாலு கூடை மண் போட்டுப் புல் விரித்தால் பார்க் ஆகிவிடாது. அது பாய் விரித்த மாதிரி. மரம் வேர் விட ஆழமான மண் வேண்டும். சிமெண்ட் தரை தண்ணீர் குடிக்காது. மண் குடிக்கும். ஏரி இருந்த ஊரில் மழைத் தண்ணீர் போக மிச்சமிருக்கும் மண்ணையும் மூடிவிட்டு, அப்புறம் 'தி.நகர் மிதக்கிறது' என்று போட் விடுவதில் என்ன பிரயோஜனம்?

மூன்று: பெஞ்சு, குடிதண்ணீர், பெண்களுக்குச் சுத்தமான கழிப்பிடம். மத்தியானத்தில் கேட்டைப் பூட்டாதீர்கள். கடைச் சிப்பந்திக்கு நிழல் தேவைப்படுவது மத்தியானம்தான். விடியற்காலை அல்ல.

கடைக்காரப் பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்தப் பார்க்கைச் சுற்றித்தான் உங்கள் வியாபாரம் வளர்ந்தது. உங்கள் விளம்பரத்தில்கூட விலாசம் 'பனகல் பார்க் எதிரில்' என்றுதானே போடுகிறீர்கள்? பார்க்குக்கு நீங்களும் வாயைத் திறந்து கேட்க வேண்டாமா?

ஒரு ஏரியைக் கொடுத்து ஊர் வாங்கினோம். அதற்கு ஈடாக நமக்கு மிஞ்சியது ஒரு பார்க். அதையும் கொடுத்து ஒரு ஸ்டேஷன் வாங்கினால் கணக்கு நேராகாது. ரயில் ஓடட்டும். இறங்கி மேலே வருகிறவன் தலைக்குமேல் ஒரு மரமும் இருக்கட்டும்!