உடையும் ஏடும்

பழம்பொருள் தானே வாய் திறந்து பேசுவதில்லை. முறையறிந்து கேட்பவர்க்கே அது தன் செய்தியைச் சிறிது சிறிதாக வெளியிடும். அரசர் பொறித்த கல்வெட்டுக்கு மட்டுமன்று, போரில் எளிய வீரன் ஒருவன் உடுத்திய சட்டைக்கும் இவ்வுண்மை பொருந்தும். உலகப் போர்க்காலத்து ஜெர்மானியக் கடற்படை வீரர்களின் சீருடைகள் மேலைநாட்டுக் காட்சிச்சாலைகளிலும் பல இல்லங்களின் பெட்டிகளிலும் இன்றும் காணப்படுகின்றன. அவற்றை விலைப்பொருளாக மட்டும் மதிப்போர் சிலர். பகைவன் உடை என்று வெறுத்து ஒதுக்குவோர் சிலர். இவ்விரு சாராரும் அவ்வுடைக்குள் இருந்த மனிதனை மறந்துவிடுகின்றனர். அவன் யார், எங்கே சிறைப்பட்டான், அவன் வீட்டார்க்குச் செய்தி சென்றதா என்று தேடிக் காண்பதே சீருடை ஆராய்ச்சியின் மெய்யான பயன்.

சீருடை முதலில் காட்டுவது நாட்டையும் படையையுமே. கருநீலக் கம்பளிச் சட்டை, மூன்று வெள்ளைக் கோடுகள் ஓடும் அகன்ற கழுத்துப்பட்டை, பின்புறம் நாடாக்கள் தொங்கும் வட்டத் தொப்பி ஆகியவை ஜெர்மானியக் கடற்படை வீரனின் அடையாளங்கள். முதல் உலகப் போர்க்காலத்தில் அந்நாடாவில் கப்பலின் பெயரே எழுதப்பட்டிருந்தது. 1914-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் இரவில் சென்னை மீது குண்டு வீசி, பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகளை எரித்த 'எம்டன்' கப்பலைத் தமிழ்நாடு நன்கறியும். அவ்வாண்டு நவம்பர் 9-ஆம் நாள் கோகோஸ் தீவுகளின் அருகே ஆஸ்திரேலியப் போர்க்கப்பலாகிய 'சிட்னி' அதனை வீழ்த்தியது. பிடிபட்ட வீரர் பலர் மால்டாத் தீவில் சிறைவைக்கப்பட்டனர். அவர்தம் தொப்பி நாடா ஒன்று கிடைக்குமாயின், தேடல் எங்கே தொடங்க வேண்டும் என்பதை அந்நாடாவே சொல்லிவிடும்.

இரண்டாம் உலகப் போரில் நிலைமை மாறியது. எந்தக் கப்பல் எத்துறையில் உள்ளது என்பதைப் பகைவர் அறியாதிருத்தற்பொருட்டு, நாடாவிலிருந்து கப்பற்பெயர் நீக்கப்பட்டது. போர்க்கடற்படை எனப் பொருள்படும் 'கிரீக்ஸ்மரீன்' என்னும் பொதுச்சொல்லே எல்லார் நெற்றிக்கும் மேலே நின்றது. சட்டையின் வலமார்பில் நாஜி ஆட்சியின் கழுகுச் சின்னம் அமைந்தது. இவற்றால் அரசு தெரியும், ஆள் தெரியான். ஆளை அறிய விரும்புவோர் சட்டையின் உட்புறத்தைப் புரட்டிப் பார்த்தல் வேண்டும். அங்கே வீரனின் பதிவெண் காணப்படுவதுண்டு. அதன் முதலெழுத்து அவன் வடகடற் பிரிவினனா, பால்டிக் கடற் பிரிவினனா என்பதைக் குறிக்கும். எண்ணை அடுத்து, அவன் படையிற் சேர்ந்த ஆண்டு நிற்கும்.

ஆயினும் பதிவெண் கிடைத்தவுடன் எல்லாம் விளங்கிவிட்டதாகக் கருதுதல் பிழை. ஒருவன் சட்டையோடு மற்றொருவன் தொப்பியைச் சேர்த்து விற்பார் உண்டு. போலிச் சின்னத்தைத் தைத்து, அதற்கேற்பக் கதை புனைவாரும் உண்டு. கப்பல் மூழ்கிக் கடலில் தத்தளித்தவன் தன் உடைமைகளை இழந்தே கரை சேர்ந்திருப்பான். அமெரிக்கச் சிறை முகாமில் அவனுக்குக் கிடைத்தது 'பி. டபிள்யூ.' என்னும் எழுத்துகள் பொறித்த உடையே. ஆதலின் இன்று பழுதின்றிக் கிடைக்கும் அழகிய சீருடை, அவன் சிறைப்பட்ட அன்று உடுத்ததாக இல்லாமல், ஊரில் விட்டுச் சென்றதாகவும் இருக்கலாம். துணி சொல்வதை ஏட்டோடு ஒப்பிட்டுப் பாராமல் நம்பலாகாது.

அவ்வேடுகள் எங்கே உள்ளன? படைவீரரின் இழப்பும் சிறைவாழ்வும் பற்றிய குறிப்புகளைத் தொகுக்க 1939-இல் ஜெர்மனியில் ஓர் அலுவலகம் நிறுவப்பட்டது. அதன் ஆவணங்கள் 2019 முதல் அந்நாட்டு மத்திய ஆவணக் காப்பகத்தின் பகுதியாக உள்ளன. ஜெனீவாவில் அனைத்துலகச் செஞ்சிலுவைக் குழு, முதல் உலகப் போரின்போதே சுமார் 70 இலட்சம் அட்டைகளில் சிறைப்பட்டோர் முதலியோர் செய்திகளைத் தொகுத்தது. இவ்வுழைப்பு வெறும் கணக்கெழுதும் வேலையன்று. மகன் இருக்கின்றானா, இறந்தானா என்று ஏங்கி நின்ற தாய்க்கு விடையளிக்கும் அறச்செயல் அது. இவ்வறத்தையே 1929-ஆம் ஆண்டின் ஜெனீவா ஒப்பந்தம் சட்டமாக்கியது. முகாமை அடைந்த ஒரு வாரத்திற்குள், சிறைப்பட்டவன் தான் பிடிபட்ட செய்தியையும் உடல்நிலையையும் வீட்டிற்கு அஞ்சலட்டையில் எழுத வாய்ப்பளித்தல் வேண்டும் என்பது அதன் விதி.

அவ்விதி மீறப்பட்டால் நேர்வது யாது என்பதற்கு 'யூ-505' என்னும் நீர்மூழ்கிக் கப்பலின் வரலாறு சான்றாகும். 1944-ஆம் ஆண்டு ஜூன் 4-ஆம் நாள் மேற்கு ஆப்பிரிக்கக் கடலில் அமெரிக்கக் கப்பற்படை அதனைத் தாக்கிக் கைப்பற்றியது. அதிலிருந்த 59 பேரில் ஒருவர் மாண்டார். 58 பேர் சிறைப்பட்டனர். கப்பலிலிருந்த மறைமொழி ஏடுகளும் பொறிகளும் அமெரிக்கர் கையில் சிக்கின. இச்செய்தி வெளிப்பட்டால் ஜெர்மானியர் தம் மறைமொழியை மாற்றிவிடுவர் என்று அமெரிக்கர் அஞ்சினர். ஆகவே அவ்வீரர்கள் லூயிசியானா மாநிலத்தின் ரஸ்டன் முகாமில் ஏனையோரினின்றும் பிரித்து வைக்கப்பட்டனர். செஞ்சிலுவையினர் அவர்களைக் காண அனுமதி பெறவில்லை. ஜெர்மானியக் கடற்படையோ அவர்கள் இறந்துவிட்டதாகக் கருதி வீட்டார்க்கு அறிவித்தது. உயிரோடிருந்த மக்களுக்காகத் தாயர் அழுதனர். வீரருள் இறுதியாக விடுதலை பெற்றோர் 1947-இலேயே தாயகம் திரும்பினர். அந்நீர்மூழ்கியோ 1954 முதல் சிகாகோ நகரக் காட்சிச்சாலையில் இருந்து வருகிறது.

போரின் தேவை அம்மறைவை வேண்டியது என்பர். அஃது உண்மையாகவே இருக்கலாம். ஆயினும் தேவை இருந்தது என்பதால் தீங்கு இல்லையென்று ஆகிவிடாது. வெற்றியின் கணக்கை எழுதுவோர் அத்தாயரின் கண்ணீரையும் அதே ஏட்டில் எழுதுதல் வேண்டும்.

"கொடுங்கோன்மைக்குத் துணை நின்ற படையின் வீரனுக்காக இத்துணை உழைப்பு எதற்கு?" என்று வினவுவார் உண்டு. வினா நேர்மையானதே. அக்கழுகுச் சின்னத்தின் கீழ் இழைக்கப்பட்ட கொடுமைகளை மறைக்கவும் கூடாது. மன்னிக்குமாறு அவற்றை அழகுபடுத்தவும் கூடாது. ஆனால் ஆராய்தல் வேறு, போற்றுதல் வேறு. ஒருவன் எங்கே பணிபுரிந்தான், என்ன செய்தான் என்பதை ஏடுகளால் அறியாதவரை, அவனைப் பழிப்பதும் புகழ்வதும் கண்ணை மூடிக்கொண்டு எடைபோடுவதை ஒக்கும். ஆராய்ச்சி சிலருடைய குற்றத்தை வெளிப்படுத்தும். சிலருடைய துயரை வெளிப்படுத்தும். எது வெளிப்படினும் அதனை அவ்வாறே ஏற்பதுதான் உண்மை நாடுவோர் கடமை.

சிறைப்பட்ட பகைவனுக்கும் பெயர் உண்டு, வீடு உண்டு என்று ஒப்புக்கொண்டதாலேயே உலகம் அச்சட்டங்களை இயற்றியது. சீருடை எல்லாரையும் ஒரே நிறமாக்கியது. அதன் உட்புறத்துச் சிற்றெண்ணும் காப்பகத்து ஏடும் சேர்ந்தே ஒருவனுக்கு அவன் பெயரைத் திருப்பித் தரும். ஆதலின் பழைய சீருடையைக் கையில் எடுப்போர், அதன் விலை யாது என்று கேட்பதற்கு முன், அதனை உடுத்தவன் யார் என்று கேட்டல் வேண்டும். விடை தேடும் பொறுமையும், கிடைத்த விடையைத் திரிக்காத நேர்மையும் உடையோரிடத்தே அவ்வுடை இருத்தல் தகும்.