செத்துப்போனதற்கு ஏது அப்டேட்?

போன வாரம் நிகழ்ச்சி முடித்து வெளியே வந்தால், அம்மாவிடமிருந்து நான்கு அழைப்புகள். "ஃபிளாஷ் பிளேயர் அப்டேட் பண்ணச் சொல்லுதுப்பா. எத்தனை தடவை தட்டினாலும் இன்ஸ்டால் ஆகமாட்டேங்குது!"

நல்லவேளை, ஆகவில்லை. ஃபிளாஷை 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு அடோபியே கைவிட்டுவிட்டது. இல்லாத ஒன்றுக்கு அப்டேட் கேட்பது, வைரஸை உள்ளே விடும் தந்திரம். அம்மா வங்கிக் கணக்கைப் பார்ப்பதும் அதே மடிக்கணினியில்தான்!

குரோமில் நாம் சேர்த்த எக்ஸ்டென்ஷன்கள் தாமாகவே அப்டேட் ஆகிவிடும். ஏதாவது மக்கர் செய்தால், குரோமை மூடித் திறங்கள். சரிவரவில்லையா? எக்ஸ்டென்ஷன் பக்கத்தில் 'டெவலப்பர் மோட்'டைப் போட்டு, 'அப்டேட்' தட்டுங்கள். அதற்கும் மசியாவிட்டால் நீக்கிவிட்டு, குரோம் வெப் ஸ்டோரிலிருந்தே மறுபடி சேர்த்துக்கொள்ளுங்கள்.

திடீரென்று குதிக்கும் பொத்தானை மட்டும் தொடாதீர்கள். இன்றிரவே அம்மா அப்பாவிடமும் சொல்லிவையுங்கள்.