நாய்க்குட்டியைக் கூண்டில் பழக்குவது கொடுமையா? சட்டம் சொல்வது என்ன, சாப்பாடு எப்படிக் கொடுக்கணும்?

வளர்ப்பு நாய்களுக்கு உரிமமும் மைக்ரோசிப்பும் கட்டாயம், உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என 2025-ல் சென்னை மாநகராட்சி அறிவித்தது. அதோடு நாய் வளர்ப்போரின் பொறுப்பு பற்றிய விவாதமும் சூடுபிடித்தது. ஆனால் உரிமம் வாங்கிவிட்டால் பொறுப்பு முடிந்துவிடாது. குட்டி வீட்டுக்கு வரும் முதல் சில வாரங்கள்தான் முக்கியம்.

எந்த வயதில் வாங்கலாம்?

2017-ம் ஆண்டு மத்திய அரசு விதிகளின்படி, 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. விளையாட்டில் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதைத் தாயிடமும் கூடப் பிறந்த குட்டிகளிடமும்தான் அது கற்கிறது. சீக்கிரம் பிரித்தால் அந்தப் பாடம் பாதியில் நின்றுவிடும்.

கூண்டு: சிறையா, படுக்கையா?

"பாவம், கூண்டுல அடைக்கலாமா?" என்பது பலரின் கேள்வி. அசைய இடமில்லாத கூண்டில் விலங்கை வைப்பது, மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960-ன் 11-வது பிரிவின்படி குற்றம். நீண்ட நேரம் சங்கிலியில் கட்டிப்போடுவதும் அதே பிரிவில்தான் வருகிறது.

எழுந்து நிற்க, திரும்ப, காலை நீட்டிப் படுக்க இடம் வேண்டும். ரொம்பப் பெரிதாக இருந்தால் ஒரு மூலையைக் கழிப்பறை ஆக்கிவிடும். படுக்கும் இடத்தை அசுத்தம் செய்ய நாய் விரும்பாது. இந்தப் பயிற்சியின் அடிப்படையே அதுதான்.

முதலில் கதவைத் திறந்தே வைத்து, உள்ளே சாப்பாடு கொடுங்கள். பிறகு சில நிமிடங்கள் மட்டும் மூடுங்கள். வயது எத்தனை மாதமோ, அதோடு ஒன்று சேர்த்தால் வருவதுதான் பகலில் அதிகபட்ச மணி நேரம். அதாவது 2 மாதக் குட்டிக்கு 3 மணி நேரம். தண்டனையாக அடைத்தால் கூண்டு என்றாலே பயப்படும். வெயில் படும் பால்கனியில் வைக்கவே கூடாது.

சாப்பாடு எப்படி?

3 மாதம் வரை தினமும் 4 வேளை, 6 மாதம் வரை 3 வேளை, அதன்பின் 2 வேளை. சாப்பிட்ட கால் மணி நேரத்தில் வெளியே கூட்டிப்போனால் பாதிப் பயிற்சி முடிந்த மாதிரி. பழைய இடத்தில் சாப்பிட்ட உணவையே சில நாள் தொடர்ந்து, மெதுவாக மாற்றுங்கள். பசும்பால் பல குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கைத் தரும். தயிர்சாதம் மட்டும் போட்டால் வளரும் உடம்புக்குப் புரதம் போதாது. சாக்லேட், திராட்சை, வெங்காயம் விஷம்.

தடுப்பூசி

பார்வோ வைரஸ் தடுப்பூசியை 6 முதல் 8 வாரத்தில் தொடங்கணும். வாந்தி, ரத்தத்தோடு வயிற்றுப்போக்கு என்றால் அன்றே கால்நடை மருத்துவரிடம் செல்லுங்கள். ரேபிஸ் ஊசி 3 மாதத்தில். உரிமத்துக்கும் அந்தச் சான்று தேவை.

வீட்டில் எல்லோரும் காலை 9 மணிக்குக் கிளம்பி மாலை 6 மணிக்குத் திரும்புபவர்கள் என்றால்? 9 மணி நேரத்துக்குக் கூண்டு தீர்வல்ல. மதியம் வந்து பார்க்க ஆள் இருந்தால் மட்டும் குட்டியை வாங்குங்கள்.