பத்தாம் நம்பர் சட்டைக்கு லேபிள் தைத்தவர்

2022 நவம்பர். கத்தாரில் உலகக் கோப்பை தொடங்க இரண்டு வாரம் இருந்தது. லப்பைக்குடிக்காட்டில் எங்கள் தெருவுக்கு ஒரு மூட்டை சட்டை வந்து இறங்கியது. தெருப் பையன்கள் சேர்ந்து சொந்தமாக ஒரு 'பிராண்ட்' ஆரம்பித்திருந்தார்கள். முதுகில் 10, நெஞ்சில் அவர்களே வரைந்த முத்திரை. துணி, பிரிண்ட், வெட்டு, ஓவர்லாக் எல்லாம் திருப்பூரிலேயே முடிந்துவிட்டன. மீதி வேலை ஊரில். கழுத்தில் லேபிள் வைத்துத் தைக்க வேண்டும், முத்திரைத் துணியை ஒட்டித் தைக்க வேண்டும், பிசிறு வெட்ட வேண்டும், மடித்துக் கவரில் போட வேண்டும். அந்த மீதி வேலை எங்கள் பக்கத்து வீட்டு மாமியிடம் வந்தது.

மாமியின் கணவர் சபரில் இருக்கிறார். அவர் பணம் அனுப்பத் தாமதமாகும் மாதங்களில் வீட்டை நடத்துவது தையல் மெஷின்தான். நான்கு இரவுகள் அந்த மெஷின் சத்தம் எங்கள் வீட்டுச் சுவரில் கேட்டது. மூன்றாம் நாள் நான் போனபோது மாமி லேபிளை நீட்டிக் கேட்டார்: "இதுல என்னம்மா போட்டிருக்கு?" ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னேன். "ரசிகர்களால், ரசிகர்களுக்காக." மாமி சிரித்தார். "அப்ப நான் எதுல சேர்த்தி?"

சட்டை விற்ற விலையில் மாமிக்குக் கிடைத்தது ஒரு டீ, ஒரு வடைக்கான காசு. அதுவும் ஃபைனல் முடிந்த பிறகு. அந்தப் பையன்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்களில் ஒருவன் என் தம்பி. அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

ரசிகர்களே சட்டை தயாரிப்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. பெரிய கம்பெனிகள் ஆண்டுதோறும் புதுச் சட்டை இறக்கி, ஒரு கூலிக் குடும்பத்தின் ஒரு வார வருமானத்தை விலையாகக் கேட்கின்றன. 'உன் சட்டை எங்களுக்கு வேண்டாம், நாங்களே அடித்துக்கொள்கிறோம்' என்று சொல்வதில் நியாயமான ஒரு கோபம் இருக்கிறது. உலகக் கோப்பை வந்தால் அர்ஜென்டினா, பிரேசில் சட்டைகள் திருப்பூரிலிருந்து கேரளத்துக்கு மூட்டை மூட்டையாகப் போவதும், கோழிக்கோடு பக்கம் புல்லாவூர் ஆற்றில் மெஸ்ஸிக்கும் நெய்மாருக்கும் கட்அவுட் நிற்பதும் அந்த ஆசையின் அடையாளங்கள்தான். ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரின் சங்க்ட் பவுலி அணிக்கு இன்று உலகமே அறிந்த மண்டையோட்டுச் சின்னம் இருக்கிறது. அதை நிர்வாகம் கண்டுபிடிக்கவில்லை. 1980களில் துறைமுகப் பகுதியில் காலி வீடுகளைப் பிடித்துக் குடியிருந்த இளைஞர்கள் கொடியாகக் கொண்டுவந்தார்கள். ரசிகர்கள் அதைச் சட்டையில் அடித்தார்கள். கிளப் பிறகுதான் அதை எடுத்து வியாபாரமாக்கியது.

அதே சங்க்ட் பவுலியில் இன்னொன்றும் நடந்தது. மைதானத்தில் ஓர் ஆண்கள் பத்திரிகை வைத்திருந்த விளம்பரங்கள் பெண்களைக் கேவலமாகக் காட்டுகின்றன என்று ரசிகர்கள் எதிர்த்தார்கள். 2002இல் அந்த விளம்பரங்கள் அகற்றப்பட்டன. சுதந்திரமான ரசிகர் கூட்டம் என்று ஒன்று உண்டென்றால், அதற்கு அடையாளம் மண்டையோடு இல்லை. தன் மைதானத்துக்குள் பெண்ணுக்கு நடக்கும் அநியாயத்தைத் தானே கேட்டதுதான் அடையாளம். நம் ஊர் பிராண்டுகள் மண்டையோட்டை மட்டும் எடுத்துக்கொண்டன.

அன்பாக இருந்தபோது அம்மா, விலை வந்தபோது பிராண்ட்

ரசிகர் உடை எங்கிருந்து வந்தது? இங்கிலாந்தில் கடையில் வாங்கும் அணிச் சட்டை வருவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே, அணியின் நிறத்தில் கழுத்துத் துண்டு இருந்தது. அதைப் பின்னியவர்கள் அம்மாக்களும் பாட்டிகளும். குளிரில் மைதானத்துக்குப் போகும் மகனுக்காக, பேரனுக்காகப் பின்னினார்கள். ரசிகர் தயாரிப்பு என்று வரலாறு எழுதினால் முதல் அத்தியாயம் அவர்களுடையது. யாரும் அவர்களைத் தயாரிப்பாளர்கள் என்று அழைத்ததில்லை.

1970களின் தொடக்கத்தில் அட்மிரல் என்ற ஆங்கிலக் கம்பெனி லீட்ஸ் அணியோடு ஒப்பந்தம் போட்டு, வீரர்கள் அணியும் சட்டையின் நகலைப் பிள்ளைகளுக்கு விற்கலாம் என்று கண்டுகொண்டது. அதற்கு முன் அது உள்ளாடை தயாரித்த கம்பெனி. நம் திருப்பூர் பனியன் கம்பெனிகளின் தூரத்துச் சொந்தம். அன்றிலிருந்து ரசிகர் உடைக்கு விலை வந்தது, முதலாளி வந்தார், பெயர் வந்தது. பின்னிய கைகள் தொழிற்சாலைக்குள்ளும் வீட்டுத் திண்ணைக்கும் போய் மறைந்தன.

ஜெர்மன் சமூகவியலாளர் மரியா மீஸ், ஆந்திரத்தின் நரசாப்பூரில் லேஸ் பின்னும் பெண்களைப் பற்றி 1982இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அந்தப் பெண்கள் பின்னிய லேஸ் வெளிநாட்டுச் சந்தைக்குப் போனது. வியாபாரிகள் வளர்ந்தார்கள். நாள் முழுக்க ஊசியோடு உட்கார்ந்த பெண்களை மட்டும் எல்லாரும் 'வீட்டில் சும்மா இருப்பவர்கள்' என்றார்கள். ஓய்வு நேரத்தில் செய்வதற்கு எதற்கு முழுக் கூலி? 'இல்லத்தரசி' என்ற சொல்லே கூலியைக் குறைக்கும் கத்தரியாக வேலை செய்தது என்று மீஸ் காட்டினார். நாற்பது ஆண்டுகள் கழித்து எங்கள் தெருவில் என் தம்பி சொன்ன வாசகம் இது: "மாமி வீட்ல சும்மாதானே இருக்காங்க, ஏதோ ஒரு கைச்செலவுக்கு ஆகும்ல."

சிறியது என்பதால் நல்லதாகிவிடாது

ஒரு சட்டை எத்தனை கைகளைத் தாண்டி வருகிறது என்று பாருங்கள். திருப்பூரில் கட்டிங் மாஸ்டர் பெரும்பாலும் ஆண். பிரிண்டிங்கிலும் ஆண்களே அதிகம். பவர்டேபிளில் ஆணும் பெண்ணும் உட்காருகிறார்கள். டெய்லருக்குப் பக்கத்தில் துணியை மடித்துக் கொடுக்கும் கைமடி, பிசிறு வெட்டுவது, செக்கிங் இவையெல்லாம் பெண்களிடம். கூலி எங்கே குறைகிறதோ அங்கே பெண்கள் கூடுகிறார்கள். பெண்கள் கூடும் இடத்தில் கூலி குறைகிறது. தையல் தொழிலுக்குத் தமிழக அரசு 2014இல் உயர்த்தி அறிவித்த குறைந்தபட்சக் கூலியைக்கூட முதலாளிகள் நீதிமன்றத்துக்கு இழுத்தார்கள். 2016இல் சென்னை உயர் நீதிமன்றம் அரசாணை செல்லும் என்று சொல்ல வேண்டியிருந்தது.

அந்தக் கூலி ஆலை வாசலைத் தாண்டி வெளியே வருவதில்லை. மாமியின் திண்ணைக்கு வரவே இல்லை. வீட்டிலிருந்து வேலை செய்பவரும் தொழிலாளிதான், ஆலைத் தொழிலாளிக்கு உள்ளது அவருக்கும் வேண்டும் என்று சொல்லும் 177ஆம் உடன்படிக்கையை உலகத் தொழிலாளர் அமைப்பு 1996இல் நிறைவேற்றியது. இந்தியா இன்றுவரை அதை ஏற்று ஒப்புதல் தரவில்லை.

இங்கே ஒரு கசப்பான உண்மை. 2021 ஜனவரியில் திண்டுக்கல் பகுதியில் ஓர் ஏற்றுமதி ஆலையில் வேலை செய்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். ஆலையின் மேற்பார்வையாளர் கைதானார். பாலியல் தொல்லை அந்த ஆலையில் நெடுநாளாக நடந்தது என்று சக பெண்கள் வாய் திறந்தார்கள். பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் விடாமல் போராடியது. 2022 ஏப்ரலில் 'திண்டுக்கல் ஒப்பந்தம்' கையெழுத்தானது. எச் அண்ட் எம், கேப், பி.வி.எச். போன்ற சர்வதேசக் கம்பெனிகள் அதில் கட்டுப்பட்டன. அவர்கள் திடீரென்று நல்லவர்களாகிவிட்டார்களா? இல்லை. அவர்களுக்கு ஒரு பெயர் இருந்தது, அது கெட்டுவிடும் என்ற பயம் இருந்தது. அந்தப் பயத்தைப் பிடித்துத்தான் பெண்கள் இழுத்தார்கள்.

நம் ரசிகர் பிராண்டைப் பிடித்து இழுக்க எந்தக் கயிறு இருக்கிறது? பதிவு கிடையாது, அலுவலகம் கிடையாது, தணிக்கை கிடையாது. ஒரு போன் நம்பரும் ஒரு லோகோவும் இருக்கும். 'நாங்க கார்ப்பரேட் இல்ல' என்ற ஒரு வாக்கியம் எல்லாக் கேள்விக்கும் பதிலாகிவிடுகிறது. கார்ப்பரேட்டிடம் கேட்கும் கேள்வியைத் தம்பியிடம் கேட்காமல் விட்டால், சுரண்டலுக்கு நாமே ஒரு குறுக்குச்சந்து திறந்து வைக்கிறோம்.

போட்டுக்கொள்பவள் யார்?

தைப்பதில் மட்டுமா நாம் இல்லை? அந்த மூட்டையில் எஸ், எம், எல், எக்ஸ்எல் எல்லாம் இருந்தன. எல்லாம் ஆண் உடம்புக்கு வெட்டியவை. "பொண்ணுங்களும் போடலாம், யுனிசெக்ஸ்" என்றான் தம்பி. ஆணின் அளவுக்குப் பொதுவளவு என்று பெயர் வைப்பது புதிதா நமக்கு?

பெரிய கம்பெனியும் இதில் உசத்தி இல்லை. 2023 பெண்கள் உலகக் கோப்பையின்போது இங்கிலாந்து கோல்கீப்பர் மேரி ஏர்ப்ஸின் சட்டையை நைக்கி விற்பனைக்கே கொண்டுவரவில்லை. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டுக் கேட்ட பிறகுதான் கொண்டுவந்தது. வந்த வேகத்தில் விற்றுத் தீர்ந்தது. 'பெண்கள் சட்டையை யார் வாங்குவார்கள்?' என்பவர்களுக்கு அதுவே பதில்.

மைதானத்தில் பெண் என்ன அணிய வேண்டும் என்பதை மட்டும் எல்லா நாட்டிலும் ஆண்கள் கூடிப் பேசுகிறார்கள். ஈரானில் 2019இல் ஓர் இளம்பெண் தன் அணியின் ஆட்டத்தைப் பார்க்க ஆண் வேடத்தில் போய்ப் பிடிபட்டார். சிறைத் தண்டனை வரலாம் என்று அறிந்து நீதிமன்ற வாசலில் தனக்குத் தீ வைத்துக்கொண்டு இறந்தார். அணியின் நிறத்தை வைத்து உலகம் அவரை 'நீலப் பெண்' என்றது. இதைக் காட்டி எங்கள் மார்க்கத்தைக் குத்திக்காட்ட வருபவர்கள் கொஞ்சம் பொறுங்கள். தலைத்துணி அணிந்ததற்காக 2011இல் அதே ஈரான் பெண்கள் அணியை ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் ஆட விடாமல் தடுத்தது ஃபிஃபா. அந்தத் தடை நீங்க 2014 ஆனது. பிரான்ஸ் கால்பந்து சங்கத்தின் ஹிஜாப் தடையை அந்நாட்டு உயர் நிர்வாக நீதிமன்றம் 2023இலும் செல்லும் என்றது. ஓர் இடத்தில் 'போடு' என்கிறார்கள், ஓர் இடத்தில் 'கழற்று' என்கிறார்கள். அந்தத் துணிக்குள் இருக்கும் பெண்ணைத்தான் யாரும் கேட்கவில்லை.

எங்கள் ஊரில் ஜெர்சி போட்ட பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள். வீட்டுக்குள் போடுகிறார்கள். வெளியே கிளம்பினால் புர்காவுக்குள் போடுகிறார்கள். தெருவில் திரை கட்டி ஃபைனல் போட்டபோது அவர்கள் மாடியிலிருந்து பார்த்தார்கள். மெஸ்ஸி கோப்பையைத் தூக்கியபோது மாடியில் எழுந்த சத்தம் கீழே எழுந்ததைவிடக் குறைவில்லை. அவர்களுக்கு ஒரு சட்டை அளவெடுக்க எந்த ரசிகர் பிராண்டுக்கும் தோன்றவில்லை.

யார் பெயரை அடிக்கிறோம் என்பதையும் பாருங்கள். தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018இல் மணிப்பூரை வென்று தேசிய சாம்பியன் ஆனது. 2023இல் ஹரியானாவை வென்று மறுபடியும் ஆனது. இந்தியாவுக்காக ஆடிய இந்துமதி கதிரேசன் கடலூர்க்காரர். எங்கள் ஊரைத் தொட்டு ஓடும் வெள்ளாறு கடலில் சேர்வது அந்த மாவட்டத்தில்தான். ஆறு போகும் தூரத்தில் இருக்கும் பெண்ணின் பெயரை எந்தச் சட்டையில் பார்த்தீர்கள்?

சொல்லப்போகும் பதில்கள்

"அவ்வளவு கொடுத்தா கட்டுப்படியாகாது." பிரிண்ட்காரரிடம் பேரம் பேசினீர்களா? துணிக்கடையில் கடன் சொன்னீர்களா? அங்கெல்லாம் முன்பணம் கொடுத்தீர்கள். கட்டுப்படியாகாத கணக்கு மாமியிடம் வரும்போதுதான் ஞாபகம் வருகிறது.

"எங்க அம்மாதான் தச்சாங்க, அதுக்குமா கூலி?" ஆமாம். மகன் லாபம் பார்க்கும் தொழிலில் அம்மா செலவழித்த இரவும் தொழில்தான்.

"பெண்களே பிராண்ட் ஆரம்பிக்க வேண்டியதுதானே?" ஆரம்பிக்கட்டும், நல்லது. ஆனால் அரசு நமக்கு இலவசத் தையல் மெஷின் கொடுத்து எத்தனையோ ஆண்டுகள் ஆகின்றன. மெஷின் வந்தது. துணி வாங்க முதல் வரவில்லை, தனியாகத் திருப்பூர் போய்வர அனுமதி வரவில்லை, சொந்த வங்கிக் கணக்கில் பணம் விழவில்லை. எல்லாப் பெண்களும் முதலாளியாவது விடுதலை இல்லை. தைக்கிற பெண் தையற்காரியாகவே மரியாதையோடு வாழ முடிவதுதான் நாம் கேட்பது.

கேட்பதைத் தெளிவாகக் கேட்போம். உருப்படிக்கு என்ன கூலி என்று வேலை தொடங்குமுன் எழுதிக் கொடுங்கள். அரசு நிர்ணயித்த நாள் கூலிக்கு அது ஈடாக வர வேண்டும். சட்டை விற்கும் வரை கூலி காத்திருக்கக் கூடாது. நூலும் கரண்டும் தைப்பவர் தலையில் விழக் கூடாது. தைத்தவருக்கு விருப்பமிருந்தால் அவர் பெயர் லேபிளில் வரட்டும். பெண் அளவில் சட்டை வெட்டுங்கள், முழுக்கையும் நீளமும் கேட்பவருக்கு அப்படியே கொடுங்கள். தையல் தொழிலாளர் நல வாரியத்தில் மாமியைப் பதிய நீங்களே கூட்டிப் போங்கள்.

கல்லூரியில் படிக்கும் தங்கைகளே, டிபார்ட்மென்ட் டீ-ஷர்ட், அணிச் சட்டை, ரசிகர் சட்டை என்று ஆண்டுக்கு ஒன்றாவது வாங்குகிறீர்கள். அடுத்த முறை டிசைன் யார் செய்தது என்று கேட்கும்போதே, தைத்தது யார், அவருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்றும் கேளுங்கள். பதில் வராத சட்டையை வாங்காதீர்கள். அவர்களுக்கு ஒரு பெயர் கெடும் பயத்தை நாம்தான் உண்டாக்க வேண்டும்.

2027இல் பிரேசிலில் பெண்கள் உலகக் கோப்பை. தம்பியின் பிராண்ட் இன்னும் இருக்கிறது. அதற்குச் சட்டை அடிப்பாயா என்று கேட்டிருக்கிறேன். யோசிக்கிறேன் என்றான். மாமி யோசிக்கவில்லை. "கூலிய மொதல்ல பேசிட்டு வரச் சொல்லு, அப்புறம் தச்சுத் தர்றேன்" என்றார்.