கிரேடு த்ரீ, பாட்டு ஜீரோ

உங்கள் வீட்டுச் சுவரில் ஒரு கிடார் தொங்குகிறதா? மேற்குத் தாம்பரமோ, சேலையூரோ, ராஜகீழ்ப்பாக்கமோ, பெருங்களத்தூரோ... நீங்கள் எங்கே இருந்தாலும் பக்கத்து ஃப்ளாட்டிலாவது ஒன்று தொங்கிக்கொண்டிருக்கும். டிரெட்மில்லுக்கு அடுத்தபடி நம் வீடுகளில் வேலைவெட்டி இல்லாமல் சும்மா இருக்கும் ஜீவன் அதுதான். நான் பி.காம். படித்தவன். எங்கள் பாஷையில் இதற்கு 'டெட் ஸ்டாக்' என்று பெயர்.

வாங்கிய அன்றைக்கு அது டெட் ஸ்டாக் இல்லை. உங்கள் பையனோ பெண்ணோ எதையோ கேட்டுக் கிறங்கிப்போய்த்தான் கிடார் வேண்டும் என்று அடம்பிடித்திருப்பார்கள். 1982-ல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை'யில் 'இளைய நிலா' பாட்டுக்கு ஆர்.சந்திரசேகர் வாசித்த கிடாராக இருக்கலாம். 2008-ல் 'வாரணம் ஆயிரம்' படத்தில் ரயிலுக்குள் கிடாரோடு பாடிய சூர்யாவாக இருக்கலாம். அந்தப் பிள்ளை கேட்டது ஒன்றே ஒன்றுதான். 'அந்த பிட்டை நான் வாசிக்கணும்.' அந்த ஒரு சோலோ. அவ்வளவுதான் ஆசை.

நாம் என்ன செய்தோம்? வகுப்பில் சேர்த்தோம். சேர்த்த கையோடு ஒரு கேள்வி கேட்டோம். ''எப்ப சார் எக்ஸாம்?''

அங்கே ஆரம்பித்தது வினை.

இப்போது கல்யாண வீடுகளில் இந்த வசனம் சகஜம். ''பையன் கிடார் கத்துக்கறான் சார். கிரேடு த்ரீ முடிச்சாச்சு. டிஸ்டிங்ஷன்!'' சந்தோஷம். ''தம்பி, ஒரு பாட்டு வாசியேன்'' என்று கேட்டால் பையன் நெளிவான். ''புக் எடுத்துட்டு வரலை அங்கிள்.''

யோசித்துப் பாருங்கள். மூன்று வருஷம் தமிழ் படித்த ஒருவன், 'புஸ்தகம் இல்லாம பேச வராதுங்க' என்றால் நாம் சும்மா இருப்போமா? கிடார் விஷயத்தில் மட்டும் சர்டிஃபிகேட்டை லேமினேட் செய்து ஹாலில் மாட்டுகிறோம். கிடாருக்குப் பக்கத்திலேயே.

லண்டன் ட்ரினிட்டி பரீட்சையை நான் குறை சொல்ல வரவில்லை. அதில் காதுக்கும் சோதனை வைத்திருக்கிறார்கள். ஆனால், கிளாசிக்கல் கிடாரின் நேரடித் தேர்வில் ஐந்தாம் கிரேடு வரை ஒரு சௌகரியம் உண்டு. பார்த்து வாசிப்பது, கேட்டுச் சொல்வது, சொந்தமாகக் கற்பனை செய்து வாசிப்பது, இசை பற்றிய கேள்வி பதில் என நான்கு சோதனைகள். நான்கில் இரண்டை எடுத்துக்கொண்டால் போதும். நம் ஆட்களைப் பற்றித்தான் தெரியுமே! சாய்ஸில் விட முடியும் என்றால் எதை விடுவார்கள்? மனப்பாடம் செய்ய முடியாததை விடுவார்கள். அதாவது காதை விடுவார்கள். இசை படிக்கப் போன இடத்தில்!

''இளையராஜாவே ட்ரினிட்டி பாஸ் பண்ணினவர்தானே?'' என்று மடக்குவீர்கள். ஆமாம். கிளாசிக்கல் கிடாரில் தங்கப் பதக்கம். ஆனால், வரிசையைக் கவனியுங்கள் சார். பதினாலு வயதிலேயே அண்ணன் பாவலர் வரதராஜனின் குழுவோடு ஊர் ஊராகப் போய் மேடையில் வாசித்தவர் அவர். அதற்கப்புறம்தான் சென்னை, தன்ராஜ் மாஸ்டர், நொட்டேஷன், பரீட்சை எல்லாம். பாட்டு முன்னால், பேப்பர் பின்னால். நாம் பேப்பரை முன்னால் வைத்துவிட்டுப் பாட்டு தானாக வந்து ஒட்டிக்கொள்ளும் என்று காத்திருக்கிறோம்.

பரீட்சை வேண்டாம் என்று ஒதுங்கியவர்களாவது தப்பித்தார்களா? இல்லை. அவர்களுக்கு வாய்த்தது 'டாப்' என்கிற ஆறு கோடு. கோட்டுக்கு மேல் 5, 7, 8 என்று நம்பர். எந்தத் தந்தியில் எத்தனையாவது கட்டையில் விரல் வைப்பது என்று அது சொல்லும். எவ்வளவு நேரம் நிற்பது, எங்கே மூச்சு விடுவது, எதை அழுத்தி எதைக் குழைப்பது என்பதை நெட்டில் கிடைக்கும் பாதி டாப்கள் சொல்வதே இல்லை. பின்கோடு மாதிரி. 600045 என்று எழுதினால் கடிதம் மேற்குத் தாம்பரம் வந்துவிடும். அந்தத் தெருவில் யார் சிரிக்கிறார்கள், யார் அழுகிறார்கள் என்று 600045-க்குத் தெரியுமா?

சோலோவில் இது இன்னும் ஆபத்து. கார்டு பிடித்துப் பாட்டுக்குப் பின்னால் வாசிப்பவன் கொஞ்சம் பிசகினாலும் பாடகர் காப்பாற்றிவிடுவார். சோலோவில் கிடார்தான் பாடகர். தந்தியைப் பக்கவாட்டில் தள்ளி ஸ்வரத்தை ஏற்றும் 'பெண்டிங்'கை எடுத்துக்கொள்ளுங்கள். நம்ம ஊர் வீணைக்காரர் மெட்டின் மேல் தந்தியை இழுத்து கமகம் கொடுக்கிறாரே, அதன் சித்தப்பா மகன். எவ்வளவு தள்ள வேண்டும்? போய்ச் சேர வேண்டிய ஸ்வரம் காதில் ஏற்கெனவே ஒலித்தால்தான் விரல் சரியான இடத்தில் நிற்கும். ஒலிக்கவில்லை என்றால் பூனையை மிதித்த சத்தம்தான். அடுத்த ஃப்ளாட்காரர் கதவைத் தட்டுவார்.

மாண்டலின் ஸ்ரீனிவாஸை (1969-2014) உலகம் கொண்டாடியது. அவருடைய குரு சுப்பராஜுவுக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது! செம்பை வைத்தியநாத பாகவதரின் சிஷ்யர். அவர் பாடுவார், பையன் அதைக் கேட்டுத் தந்தியில் தேடிப் பிடிப்பான். 'எந்த விரல், எந்த மெட்டு' என்று சொல்லித்தர ஆளே இல்லை. காதுதான் வாத்தியார்.

கர்னாடக சங்கீதத்துக்கு மட்டும்தான் இது என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் ஜாஸ் மேதை வெஸ் மாண்ட்கோமரிக்கு (1923-1968) நொட்டேஷன் படிக்க வராது. சார்லி கிறிஸ்டியனின் ரெக்கார்டுகளைத் தேயத் தேயக் கேட்டு, அந்த சோலோக்களை அப்படியே பிடித்தார். பகலில் வேலை, ராத்திரியில் சாதகம். தூங்குகிறவர்களுக்குத் தொந்தரவு வேண்டாமென்று கட்டை விரலால் மெதுவாக மீட்டப்போய், அதுவே அவர் முத்திரை ஆனது என்பார்கள். அசோசியேஷன் செக்ரட்டரிக்குப் பயப்படும் ஃப்ளாட்வாசிகள் கவனிக்க!

அவ்வளவு தூரம் எதற்கு? பல்லாவரம், பரங்கிமலை, தாம்பரம் பக்கம் ஞாயிற்றுக்கிழமை சர்ச் கொயரைப் பாருங்கள். ஓரமாக ஒரு பையன் கிடாரோடு நிற்பான். பாடுகிற அக்கா, ''தொண்டை சரியில்லடா, கொஞ்சம் இறக்கிக்கோ'' என்பார். அடுத்த நிமிஷம் இறக்கி வாசிப்பான். கிரேடு கேட்டால் முழிப்பான். பக்கத்தில் நின்ற அண்ணனைப் பார்த்து, கேட்டு, தப்பாக வாசித்து, முறைக்கப்பட்டு, சரியாக வாசித்துக் கற்றது.

சரி, ஆரம்பிக்கிறவர் என்னதான் செய்வது?

முதலில் வாயைத் திறங்கள். பிடித்த சோலோவின் முதல் நாலு ஸ்வரத்தை மட்டும் முணுமுணுத்துப் பாருங்கள். வாயில் வராதது விரலில் வராது. வந்ததும் ஒரே தந்தியில் அதைத் தேடுங்கள். பத்து தடவை தப்பாகப் போகும். போகட்டும். அந்தத் தேடல்தான் பாடம். செல்போனில் பாட்டைப் பாதி வேகத்தில் ஓட விடலாம், சுருதி மாறாது. கேசட் காலத்து ஆட்களுக்குக் கிடைக்காத பாக்கியம் அது.

அடுத்தது, மோகனத்தின் ஐந்து ஸ்வரங்கள். ச, ரி, க, ப, த. மேல்நாட்டுக்காரர்கள் 'மேஜர் பென்டடானிக்' என்பது இதைத்தான். அவர்களின் 'மைனர் பென்டடானிக்', நம் சுத்த தன்யாசி. ராக், ப்ளூஸ் சோலோக்களில் பெரும்பங்கு இந்த இரண்டில் அடங்கிவிடும். உங்கள் பாட்டி முணுமுணுத்த ராகத்தை மாதச் சந்தா கட்டி ஆங்கிலத்தில் படிக்கிறீர்கள். படியுங்கள், தப்பில்லை. ஆனால், பாட்டியிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

கணக்கும் சொல்லிவிடுகிறேன். வாரம் ஒரு நாள் முக்கால் மணி நேர வகுப்பு என்றால் வருஷத்துக்கு 39 மணி நேரம். தினம் இருபது நிமிஷம் வீட்டில் உட்கார்ந்தால் 120 மணி நேரத்துக்கு மேல். ஃபீஸ் கட்டுவது 39-க்கு. வாசிக்க வைப்பது 120. இந்த பேலன்ஸ் ஷீட்டை எந்த ஆடிட்டரிடமும் காட்டலாம்.

நொட்டேஷன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குழந்தை பேசிய பிறகு எழுத்து படிக்கிறது. அந்த வரிசையைத்தான் கேட்கிறேன். வாத்தியார்களை மட்டும் திட்டியும் பயனில்லை. வாடகை கட்ட வேண்டியவர் அவர். பெற்றோர் ரசீது கேட்கிறார்கள், அவர் சர்டிஃபிகேட் தருகிறார். கேட்பதை நாம் மாற்றினால் அவரும் மாறுவார்.

நஷ்டம் கிடார் விலை மட்டும் என்றால் நான் இவ்வளவு கத்தியிருக்க மாட்டேன். அந்தப் பிள்ளை ஒருநாள் கிடாரை மாட்டிவிட்டு, ''எனக்கு மியூசிக் வராதுப்பா'' என்கிறதே, அந்த வாக்கியம்தான் வயிற்றைப் பிசைகிறது. ஆயுசுக்கும் அதை நம்பும். அது பொய். வராதது மியூசிக் இல்லை, பரீட்சை.

இன்றைக்கு ராத்திரி, ''எந்த கிரேடு?'' என்று கேட்காதீர்கள். ''உனக்குப் பிடிச்ச அந்த பிட்டைக் கொஞ்சம் பாடிக் காட்டேன்'' என்று கேளுங்கள். டி.வி-யை அணைத்துவிட்டு!