மஞ்சளுக்கு இந்த மெருகு வேண்டுமா?

மஞ்சள் நம் மக்களுக்கு வெறும் சமையல் பண்டமன்று. மணமேடையிலும், பொங்கல் பானையின் கழுத்திலும், பிள்ளை பெற்றவளின் பத்தியத்திலும் அது முதலிடம் பெறுகின்றது. சேலம், நாமக்கல் வட்டாரங்களிலோ அது பல குடும்பங்களின் ஓராண்டு உழைப்பும் ஆகும். நாமகிரிப்பேட்டையிலும், திருச்செங்கோட்டிலும், சேலம் லீ பஜாரிலும் விரலி, உருண்டை, பனங்காளி என்று ரகம் பிரித்து மூட்டைகளை ஏலத்திற்கு வைக்கும்போது, வாங்க வருபவரின் கண் முதலில் எதன்மேல் விழுகின்றது? நிறத்தின்மேல். மேனி மினுமினுத்தால் விலை ஏறுகின்றது, மங்கினால் இறங்குகின்றது. இந்தச் சிறு பழக்கத்திற்குள் ஒரு பெருங்கேடு நுழைய இடமிருக்கின்றது என்பதையே இம்மாதம் அங்கத்தினர்கள் முன் வைக்க விரும்புகின்றோம்.

காரீயக் குரோமேட் என்பது ஒரு மஞ்சள் நிறப் பொடி. வண்ணப்பூச்சுத் தொழிலில் அதனைக் குரோம் மஞ்சள் என்பர். நிறை அளவில் நூறு கிராம் பொடியில் 64 கிராம் காரீயமே. வெங்கலப் பாத்திரத்திற்கு நாம் பூசும் வெள்ளீயம் வேறு. இந்தக் காரீயம் வேறு. மரத்திற்கும் இரும்புக்கும் பூச வேண்டிய இப்பொடியை, உலர்ந்த மஞ்சளுக்கு மெருகு போடும் உருளையில் ஒரு கைப்பிடி தூவினால், மங்கிய கிழங்கும் பொன்போல் மின்னும். தீயவர் சிலர் கண்டுபிடித்த குறுக்கு வழி இதுவே.

இந்த ஆசை மஞ்சளோடு பிறந்ததுமன்று. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், முட்டை சேர்த்தது போன்ற நிறம் வரவேண்டுமென்று ரொட்டிக்கடைக்காரர் சிலர் தம் பண்டங்களில் இதே பொடியைக் கலந்தனர். அவற்றை உண்டு பலர் மாண்டனர். 1887ஆம் ஆண்டில் டேவிட் டெனிசன் ஸ்டூவர்ட் என்னும் மருத்துவர் அந்த உண்மையை வெளிப்படுத்தினார். கண்ணை ஏமாற்றுவதற்காக வயிற்றில் விஷம் இடும் வழக்கம் அத்துணை பழையது.

உலோகம் என்றாலே நஞ்சு என்று அஞ்சுவது அறிவுடைமையாகாது. நம் குருதியின் சிவப்புக்கு இரும்பு ஆதாரம்; கருவுற்ற தாய்மாருக்கு இரும்புச்சத்து மாத்திரை தரப்படுகின்றது. வயிற்றுப்போக்கால் வாடும் குழந்தைக்குப் பத்து முதல் பதினான்கு நாள் வரை துத்தநாக மாத்திரை தரவேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் 2004 முதல் கூறி வருகின்றது. சேலத்துச் சுண்ணாம்புக் கரட்டின் வெள்ளைக்கல்லாகிய மாக்னசைட்டில் உள்ள மக்னீசியம், வேறு சேர்மங்களாக, வயிற்றுப் புளிப்பை ஆற்றும் மருந்துகளில் சேர்கின்றது. பிளாட்டினத்திலிருந்து செய்த சிஸ்பிளாட்டின் என்னும் மருந்து 1978 முதல் புற்றுநோயாளிகளின் உயிரைக் காத்து வருகின்றது. சித்த மருத்துவமும் பற்பம், செந்தூரம் என்று உலோகங்களை எடுத்தாளுகின்றது. எனினும் சுத்தி செய்யாமல் தொடலாகாது என்று விதிக்கின்றது.

ஆகவே ஓர் உலோகத்தின் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் அது நல்லதா தீயதா என்று முடிவு கட்ட இயலாது. எந்தப் பொருளோடு சேர்ந்திருக்கின்றது, உடலில் கரையுமா, எவ்வளவு என்பனவற்றைக் கேட்கவேண்டும். பேரியம் கார்பனேட் எலிப்பாஷாணம். பேரியம் சல்பேட்டையோ, எக்ஸ்-ரே படம் எடுக்குமுன் நோயாளிக்குக் குடிக்கவே கொடுக்கின்றனர். பின்னது கரைவதில்லை, குடல் வழியே வந்தவாறே வெளியேறிவிடும். நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பாறையில் குரோமியத் தாது உண்டு. பாறையில் இருக்கும் நிலையில் அது உறங்குகின்றது. ஆலையில் அதனைக் குரோமேட்டாக மாற்றினால் புற்றுநோய் விளைவிக்கும் பொருளாகின்றது.

காரீயத்திற்கோ இத்தகைய விதிவிலக்கு இல்லை. நம் உடலில் அதற்கு ஒரு வேலையும் கிடையாது. காரீயத்திற்குத் தீங்கற்ற அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு. காரீயக் குரோமேட் தண்ணீரில் கரையாது. ஆனால் வயிற்றின் அமிலத்தில் ஒரு பகுதி கரையும். கரைந்த காரீயம் சுண்ணாம்புச்சத்தின் வேடம் பூண்டு உடலில் நுழைகின்றது; எலும்பில் குடியேறிப் பல ஆண்டுகள் தங்குகின்றது; தாயின் குருதியிலிருந்து கருவிலுள்ள குழந்தைக்கும் செல்கின்றது. ஒரே அளவு காரீயத்தை உட்கொண்டாலும், பெரியவரைக் காட்டிலும் குழந்தையின் உடல் நான்கைந்து மடங்கு வரை மிகுதியாக ஈர்க்கும். இரும்பும் சுண்ணாம்புச்சத்தும் குறைந்த ஏழைக் குழந்தையின் உடல் அதனினும் மிகுதியாக ஈர்க்கும். சிறு அளவிலேயே மூளை வளர்ச்சி தடைப்படுகின்றது. காய்ச்சலும் வலியும் காட்டாமல் வருவதால், பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லை என்று பெற்றோர் விதியை நொந்துகொள்வார்கள்.

நோய் கண்டபின் மருந்து இல்லையா என்று கேட்கலாம். உண்டு. நண்டு தன் கொடுக்கால் பற்றுவதுபோல் காரீயத்தைப் பற்றிச் சிறுநீரில் வெளியேற்றும் மருந்துகளை ரசாயன அறிஞர் ஆக்கியிருக்கின்றனர். குருதியில் காரீயம் மிகவும் ஏறிய குழந்தையை அவை சாவிலிருந்து காக்கும். ஆனால் அமெரிக்காவில் 780 குழந்தைகளிடம் சக்சிமர் என்னும் மருந்தைச் சோதித்து 2001இல் வெளியிட்ட முடிவு நம்மைத் திடுக்கிடச் செய்கின்றது. மருந்து உண்ட குழந்தைகளின் குருதியில் காரீயம் குறைந்தது. அறிவுத்திறனில் முன்னேற்றம் காணப்படவில்லை. இழந்தது இழந்ததுதான். எனவே மருத்துவமனை வாயிலிலன்று, களத்து மேட்டிலும் மெருகு உருளையிலுமே இந்நஞ்சைத் தடுக்கவேண்டும்.

தடுக்க முடியும் என்பதற்கு அண்டை நாடாகிய வங்காளதேசமே சான்று. அங்கே கருவுற்ற பெண்களின் குருதியில் காரீயம் காணப்பட்டது. ஆராய்ச்சியாளர் அதன் ஊற்றைத் தேடிச் சென்று, மெருகு போடும் ஆலைகளில் கலக்கும் குரோம் மஞ்சளே காரணம் என்று 2019இல் வெளியிட்டனர். 1980களில் பெருவெள்ளத்தில் நனைந்து நிறம் கெட்ட மஞ்சளை விற்பதற்காகத் தொடங்கிய பழக்கம், வெள்ளம் வடிந்த பின்பும் நின்றபாடில்லை. அரசு விழித்துக்கொண்டது, சந்தைகளில் எச்சரிக்கைகளை ஒட்டியது, கையடக்கக் கருவியால் மஞ்சளைச் சோதித்து, கலப்படம் செய்த வியாபாரிகளுக்கு அபராதம் விதித்தது. 2019இல் சந்தை மாதிரிகளில் நூற்றுக்கு 47இல் காணப்பட்ட காரீயம், 2021இல் ஒன்றிலும் காணப்படவில்லை. இரண்டே ஆண்டுகளில் ஒரு நாடு செய்து காட்டிய காரியம் இது.

நம் நாட்டு நிலை என்ன? இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, நேபாளம் ஆகிய நாடுகளின் 23 நகரங்களிலிருந்து 356 மஞ்சள் மாதிரிகளைத் திரட்டி ஆராய்ந்து 2024இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. பாட்னா, கராச்சி, பெஷாவர் நகரங்களில் கிடைத்த சில மாதிரிகளில், கிலோவுக்கு ஒரு கிராமுக்கு மேல் காரீயம் இருந்தது. நம் நாட்டுச் சட்டம் மஞ்சளுக்கு வகுத்த உச்சவரம்பு கிலோவுக்கு 10 மில்லிகிராம். அதனினும் இது நூறு மடங்குக்கு மேல்.

நம் களங்களில் இக்கலப்படம் நடக்கின்றது என்று நாம் கூறவில்லை. மஞ்சள் விளைவிப்பவர் வேறு, வழியில் மெருகு போடுபவர் வேறு என்பதே இக்கதையின் சாரம். ஆனால் எங்கோ ஓரிடத்தில் ஒருவர் தூவிய பொடிக்காக மஞ்சள் என்னும் பெயரே கெடுமாயின், மூட்டையோடு ஏலக்களத்தில் நிற்கும் நம் விவசாயியே முதலில் நஷ்டப்படுவார். ‘வியாபாரி நிறம் கேட்கிறார், நாங்கள் என்ன செய்வது?’ என்று அவர் கேட்பதும் நியாயமே. வேகவைத்துக் களத்தில் பரப்பிய மஞ்சள்மேல் ஒரு கோடை மழை பெய்தால் போதும். நிறம் போய்விடும், விலையும் போய்விடும். கடன் மட்டும் போகாது. தனித்து நிற்கும் விவசாயியிடம் அறத்தை மட்டும் போதிப்பது எளிது, பயன் சிறிது. இங்கேதான் சங்கத்தின் கடமை தொடங்குகின்றது.

முதலாவதாக, உலர்களமும் தார்ப்பாயும் சங்கத்தின் பொறுப்பில் அமையவேண்டும். நனையாத மஞ்சளுக்கு வேடம் தேவையில்லை. இரண்டாவதாக, மெருகு உருளைகளைச் சங்கமே நடத்தவேண்டும்; நிறமூட்ட வேண்டுமாயின் நம் முன்னோர் வழக்கப்படி மஞ்சள்தூளே போதும். மூன்றாவதாக, காரீயத்தைச் சில நிமிடங்களில் காட்டும் கையடக்க எக்ஸ்-ரே கருவி ஒன்றைப் பல சங்கங்கள் கூடி வாங்கலாம். அதுவரை மாதிரிகளை ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பி, முடிவை ஏலப்பலகையில் எழுதி வைக்கலாம். நான்காவதாக, மேனியின் மினுமினுப்புக்கன்றி, உலர்ச்சிக்கும் குர்குமின் என்னும் சத்தின் அளவுக்கும் விலை கூறும் முறை வரவேண்டும். நிறத்திற்கு விலை கிடைக்கும்வரை நிறத்தைத் திருடுவோரும் இருப்பர்.

நெசவாள அன்பர்களுக்கும் இதில் பங்குண்டு. முற்காலத்தில் பருத்தித்துணியைக் காரீய உப்பிலும் பின்னர் டைகுரோமேட்டிலும் தோய்த்து இதே குரோம் மஞ்சளை ஏற்றினர். மஞ்சள்கிழங்கின் சாயம் வெயிலில் வெளுக்கும், சுண்ணாம்பு பட்டால் சிவக்கும் என்பது சாயப்பட்டறை கண்டவர்களுக்குத் தெரியும். வெளுப்பது அதன் குறையன்று. அது உயிருள்ள பொருள் என்பதற்கு அடையாளம். கடையில் வாங்கும் முழு மஞ்சளை ஒரு கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் இடுங்கள். உடனே நிறம் கழன்று தண்ணீரில் இறங்கினால் ஐயத்திற்கு இடமுண்டு. ஆய்வுக்கூடமே தீர்ப்புக் கூறும். சாயப்பொடியும் சாயம் காய்ச்சிய பாத்திரமும் சமையலறைப் பக்கம் வரலாகாது என்பதையும் நினைவூட்டுகின்றோம்.

அடுத்த பொதுக்கூட்டத்தில் ஒவ்வொரு சங்கமும் இதனைத் தீர்மானமாகக் கொண்டுவரவேண்டுமென்று கேட்டுக்கொள்கின்றோம். ஒரு மூட்டைக்குச் சில ரூபாய் கூடுதலாகக் கிடைப்பதற்காக, முகம் தெரியாத ஒரு குழந்தையின் அறிவை விற்க நம்மில் எவரும் இசையமாட்டோம். அந்த இசையாமையைச் சங்கத்தின் முத்திரையாக மூட்டைமேல் பொறித்து அனுப்புவோம். சற்றே மங்கலாக இருந்தாலும், அதுவே மங்கலமான மஞ்சள்.